ஒரு வரியில் வருவதை ஏன் நாங்களே கட்டவேண்டும்?

"ஒரு வரி அடிச்சா ரெண்டு நிமிசத்தில வாற சாமானுக்கு ஏன் ஆறு மணித்தியாலம் மெனக்கெடுறியள்?"

எங்களுடைய சனிக்கிழமைச் சந்திப்புக்குப் புதிதாக வந்திருந்த தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் கேட்ட நேரம் மேசையில் மூன்று பழைய மடிக்கணினிகள் விசிறி இரைய இரைய ஓடிக்கொண்டிருந்தன. மூன்றிலும் ஜிசிசி கொம்பைலர் அதன் மூலநிரலிலிருந்து கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஒன்றில் மட்டும் வேலை நின்றுபோய்ச் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்திருந்தது. அதை வாசிக்கிற மனநிலையில் அப்போது ஒருவரும் இல்லை. எல்லாரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி நியாயமானது. அண்டைக்கு எங்களிட்ட நல்ல பதில் இருக்கேல்ல. "சும்மா, படிக்கத்தான்" எண்டு சொல்லிச் சமாளிச்சம். அவருக்கு அண்டைக்கே சொல்லியிருக்கவேண்டியதை இப்ப எழுதுறம், கொஞ்சம் பிந்தித்தான்.

எங்களில் பலருக்கு நிரலாக்கம் உயர்தரத்தில் பைதனோடு தொடங்குகிறது. பைதனில் எழுதும்போது கொம்பைலர் என்ற ஒன்று கண்ணில் படுவதேயில்லை. ஆனால் நாங்கள் பாவிக்கிற வழமையான பைதனே சி மொழியில் எழுதப்பட்டு, ஒரு கொம்பைலரால் இயந்திரமொழிக்கு மாற்றப்பட்டுத்தான் எங்கள் கைக்கு வருகிறது. லினக்ஸின் கருவும் அப்படித்தான். மனிதர் எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது கொம்பைலர். ஓடுகிற நிரலை இடையில் பிடித்து நிறுத்தி, எந்த வரியில் நிற்கிறது, எந்த மாறிக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க உதவுவது டிபகர். ரிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். ஜிடிபி டிபகரை 1986இலும் ஜிசிசி கொம்பைலரை 1987இலும் கொண்டுவந்தார். கட்டற்ற இயங்குதளம் ஒன்று வேண்டுமென்றால் அதைக் கட்டுகிற கருவிகள் முதலில் கட்டற்றவையாக இருக்கவேண்டும் என்ற கணக்கு அது. லினக்ஸ் பிறகுதான் வந்தது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளுகிறோம். அன்றாட வேலைக்குக் கொம்பைலரை நீங்களே கட்டவேண்டிய தேவை இல்லை. உபுண்டுவோ டெபியனோ தருகிற பொதியை ஒரு கட்டளையில் இறக்கிப் பாவியுங்கள். அந்தப் பொதிக்குப் பின்னால் கவனமாக வேலைசெய்கிற ஆட்கள் இருக்கிறார்கள், எங்களைவிட அவர்களுக்கு அந்த வேலை தெரியும். 'நானே கட்டினது, அதாலதான் வேகமா ஓடுது' எண்டு சொல்லித் திரியிற ஆக்களையும் கண்டிருக்கிறம். அதில பெரும்பகுதி புளுகு.

எங்களுடைய வாதம் வேறு. கட்டற்ற மென்பொருளின் உரிமப்பத்திரம் இதை ஓட்டலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிறது. மாற்றலாம் என்ற அந்தச் சொல்லுக்கு உயிர் வருவது, மாற்றிய மூலநிரலைத் திரும்பக் கட்டி ஓடவைக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான். அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் அந்த உரிமை கடதாசியில் மட்டும் கிடக்கும். எல்லாரும் கட்டத் தேவையில்லை. ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு நண்பர் வட்டத்திலும் ஒருவருக்காவது கட்டத் தெரிந்திருக்கவேண்டும் என்கிறோம்.

சரி, கட்டுவது எப்படிப் போனது?

ஜிசிசிக்கு ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித லைப்ரரிகள் தேவை. அவற்றை இறக்கித் தருகிற சின்ன நிரல் ஒன்று மூலநிரலுக்குள்ளேயே இருக்கிறது. அது தெரியாமல் ஒவ்வொன்றாகத் தேடி அரை நாளைச் செலவழித்தோம். பிறகு மூலநிரல் கோப்புறைக்குள் நின்றபடியே கொன்ஃபிகரை ஓட்டினோம். வேறொரு வெறுங்கோப்புறையில் நின்று ஓட்டுங்கள் என்று நிறுவல் வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. நாங்கள் அதை இரண்டாந்தரம்தான் வாசிச்சம்.

எங்கே நிறுவுவது என்றும் முன்கூட்டியே சொல்லவேண்டும். கணினியின் சொந்தக் கொம்பைலர் இருக்கிற இடத்தில் கைவைக்காமல், உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் தனியாக ஓர் இடம் கொடுங்கள். பிழைத்தால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டுப் போகலாம். சி, சி++ இரண்டும் போதும் என்று சொன்னால் நேரம் மிச்சம். 32 பிற் ஆதரவு வேண்டாம் என்று சொல்லாவிட்டால், அதற்குரிய கோப்புகள் இல்லாத கணினியில் தொடக்கத்திலேயே முறைத்துக்கொண்டு நிற்கும்.

அந்தச் சிவப்பு எழுத்துக்கு வருவோம். சிசி1பிளஸ் என்ற உள்நிரல் கொல்லப்பட்டது என்று அதில் இருந்தது. முதலில் ஜிசிசியில்தான் ஏதோ வழு என்று நினைத்தோம். ஒரு வழுவும் இல்லை. 4 கிகாபைற் நினைவகம் உள்ள கணினியில் நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தோம். நினைவகம் தீர்ந்துபோக லினக்ஸ் கருவே அந்த நிரலைக் கொன்றிருக்கிறது. நான்கை இரண்டாக்கினதும் பேசாமல் ஓடிச்சு.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மேக் என்ற கருவி கோப்புகளின் நேரமுத்திரையைப் பார்த்து, முடிந்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாள்களில் எங்களில் ஒருவர் பற்றறி செத்த லப்டொப் ஒன்றில் ஒரே பில்டை மூன்று நாள் தொடர்ந்தார். ஆனால் இதுக்குள்ள ஒரு கள்ளம் இருக்கு. கரண்ட் போகும் நேரம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்து கிடக்கும். அதன் நேரமுத்திரை புதிது என்பதால், முடிந்த கோப்பு என்று மேக் நம்பிவிடும். கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும்போது லிங்கர் வந்து, இந்தக் கோப்பு என்ன வடிவமென்று தெரியவில்லை என்று சொல்லும். அந்த ஒற்றைக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் போதும். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு முழுநாள் போனது.

எல்லாம் முடிந்து, புதுக் கொம்பைலரால் முதல் சி++ நிரலை மாற்றி ஓட்டினால், லைப்ரரியில் இந்தப் பதிப்பு இல்லை என்று நின்றது. புதிய கொம்பைலர் தன்னுடைய சி++ லைப்ரரியை எங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் வைத்திருக்கிறது. ஓடும் நேரத்தில் கணினியோ பழைய இடத்திலுள்ள பழைய லைப்ரரியை எடுக்கிறது. புதிய இடத்தைக் காட்டிக் கொடுத்ததும் சரியாயிற்று. ஒரு நிரல் ஓடத் தொடங்க முன்னம் லைப்ரரிகளை எங்கே தேடிப் பிடிக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. விரிவுரையில் படித்தவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். அவர்களுக்கும் அண்டைக்குத்தான் விளங்கினது.

ஜிடிபி வேறு வகை. அது சத்தம்போடாமல் ஏமாற்றும். கட்டும்போது பைதனுக்குரிய கோப்புகள் கணினியில் இல்லாவிட்டால், அது எரர் காட்டி நிற்காது. பைதன் ஆதரவை விட்டுவிட்டுத் தன்பாட்டில் கட்டி முடிக்கும். நீங்களும் சந்தோசமாக நிறுவிவிடுவீர்கள். மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு சி++ வெக்டரை அச்சிடச் சொன்னால், உள்ளே இருக்கிற எண்களைக் காட்டாமல் தொடக்கம், முடிவு, ஒதுக்கிய இடத்தின் முடிவு என்று மூன்று நினைவக முகவரிகளைக் காட்டும். அழகாக அச்சிடுகிற அந்தத் துணைநிரல்கள் பைதனில் எழுதப்பட்டவை. ஆகவே கொன்ஃபிகர் ஓடும்போது மளமளவென்று மேலே போகிற வரிகளை வாசியுங்கள். எது இல்லை என்று அது சொல்லித்தான் இருக்கும், நாங்கள்தான் பார்ப்பதில்லை.

ஏன் ஆறு மணித்தியாலம் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. எங்களுக்குச் சரியாகப் பிடித்த இடமே அதுதான்.

தயிர் உறைய வைக்கத் தயிர் வேண்டும். காய்ச்சிய பாலுக்குள் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி விடாமல் இன்றைய தயிர் இல்லை. வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இரவல். கொம்பைலரும் அப்படித்தான். ஜிசிசி இன்று சி++ மொழியில் எழுதப்படுகிறது. அதைக் கட்ட ஏற்கெனவே ஒரு சி++ கொம்பைலர் வேண்டும். கணினியில் இருக்கிற பழைய கொம்பைலரால் புதிய ஜிசிசியை ஒரு தடவை கட்டுகிறார்கள். அப்படி வந்த கொம்பைலரால் அதே மூலநிரலை இரண்டாந்தரம் கட்டுகிறார்கள். அந்த இரண்டாவதால் மூன்றாந்தரம். பிறகு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று கோப்புக் கோப்பாக ஒப்பிடப்படுகிறது. இரவல் உறையின் வாசம் முதலாவது சட்டியில் இருக்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் வேறுபட்டால் எங்கோ பிழை. ஒரே வேலையை மூன்று தரம் செய்வதால்தான் நேரம் இழுபடுகிறது. பொறுமை இல்லாதவர்கள் இந்த மூன்று கட்டத்தையும் நிறுத்திவிட்டு ஒருதரம் மட்டும் கட்டலாம், அதற்கும் வழி இருக்கிறது.

சரி, உறையே கெட்டிருந்தால்?

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், டூரிங் விருது வாங்கியபோது ஆற்றிய உரை 1984இல் அச்சில் வந்தது. அவர் காட்டியது இதுதான். ஒரு கொம்பைலருக்குள் கள்ளவேலை ஒன்றை வைக்கலாம். கணினிக்குள் நுழையும்போது கடவுச்சொல் பார்க்கிற நிரலைக் கட்டும்போதெல்லாம், அது அதற்குள் இரகசியக் கதவு ஒன்றைச் செருகும். கொம்பைலரையே கட்டும்போது அந்தக் கள்ளவேலையைப் புதிய கொம்பைலருக்குள்ளும் செருகும். ஒருமுறை இப்படிக் கட்டியபிறகு மூலநிரலிலிருந்து கள்ளவரிகளை அழித்துவிடலாம். மூலநிரலை எத்தனை பேர் வாசித்தாலும் ஒன்றும் தெரியாது. உறை வழியாகத் தலைமுறை தலைமுறையாக அது போய்க்கொண்டிருக்கும். மேலே சொன்ன மூன்று கட்ட ஒப்பீடும் இதைப் பிடிக்காது, இரண்டாவதும் மூன்றாவதும் ஒரேமாதிரிக் கெட்டிருக்கும்.

இதற்கு டேவிட் வீலர் 2005இல் ஒரு மாற்று முன்வைத்தார். சந்தேகப்படுகிற கொம்பைலரின் மூலநிரலை, அதோடு சம்பந்தமில்லாத வேறொரு கொம்பைலரால் கட்டுங்கள். வந்ததை வைத்து அதே மூலநிரலை மறுபடி கட்டி, சந்தேகப்பட்ட கொம்பைலரோடு ஒவ்வொரு பைற்றாக ஒப்பிடுங்கள். வேறு வீட்டு உறையில் வந்த தயிரும் அச்சொட்டாக இதேபோல இருந்தால் நம்பலாம். 2023இல் கீக்ஸ் என்ற லினக்ஸ் வழங்கல் இன்னும் ஒருபடி போனது. 357 பைற் அளவே உள்ள, மனிதர் கையால் சரிபார்க்கக்கூடிய ஒரு சிறு நிரலிலிருந்து தொடங்கி, படிப்படியாக ஜிசிசிவரை மூலநிரலிலிருந்தே கட்டிக்காட்டினார்கள். உறையே இல்லாமல் தயிர் எண்டு சொல்லலாம்.

இதெல்லாம் புத்தகத்தில் மட்டும் நடக்கிற சங்கதி என்று நினைத்திருந்தவர்களுக்கு 2024 மார்ச் 29 ஒரு அடி. மைக்ரோசொஃப்ற்றில் வேலைசெய்கிற, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் நிரலாளர்களில் ஒருவரான அன்ட்ரெஸ் ஃபுரொயின்ட், தன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய ஏறக்குறைய அரைச் செக்கன் கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். அரைச் செக்கன்தான். நாங்களெண்டா 'நெற் ஸ்லோ' எண்டு விட்டிருப்பம். அவர் விடவில்லை. நூல் பிடித்துக்கொண்டு போய், எக்ஸ்-இசெட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் லைப்ரரிக்குள் இரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, அன்றைக்கு உலகத்துக்குச் சொன்னார். 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு வெளியீடுகளிலும் அது இருந்தது. டெபியனின் சோதனைக் கிளைவரை போய்விட்டிருந்தது. நிலையான பதிப்புகளுக்குள் போகுமுன் பிடிபட்டது.

எப்படி ஒளித்திருந்தார்கள் என்பதுதான் கட்டுகிறவர்களுக்குப் பாடம். சுருக்கும் கருவி என்பதால், வேண்டுமென்றே பழுதாக்கிய கோப்புகள் சோதனைக்காக வைத்திருப்பது வழமை. நஞ்சு அந்தச் சோதனைக் கோப்புகளுக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்கிற வரி, கட்டும் நேரத்தில் ஓடுகிற துணை நிரலில் இருந்தது. அந்த வரி எல்லாரும் பார்க்கிற பொதுக் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. பொதுவாக வெளியீட்டுப் பொதியில் கொன்ஃபிகர் போன்ற தானாக உருவாக்கப்பட்ட கோப்புகள் கூடுதலாக இருப்பது வழமைதான். ஆயிரக்கணக்கான வரிகள், யாரும் வாசிப்பதில்லை. அந்த வழமைக்குள்தான் ஒளித்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அது எல்லா இடத்திலும் விழிக்கவில்லை. 64 பிற் லினக்ஸா, ஜிசிசியும் குனூ லிங்கருமா, டெபியன் அல்லது ஆர்பிஎம் வகைப் பொதி கட்டும் சூழலா என்று பார்த்துத்தான் வேலையைத் தொடங்கியது. எங்களைப்போல வீட்டில் சும்மா கட்டிப் பார்க்கிறவர் கையில் அது தூங்கிக்கொண்டே இருந்திருக்கும். ஓடும் நேரத்தில் சில டிபகர் சூழல்களைக்கூட மோப்பம் பிடித்து அடங்கிவிடும் என்று ஃபுரொயின்ட் எழுதினார். ஆகவே 'நாங்களே கட்டினால் பாதுகாப்பு' என்று நாங்கள் சொல்லவரவில்லை. வெளியீட்டுப் பொதியையும் பொதுக் களஞ்சியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தெரிந்தவர்கள் கூடக்கூட இப்படியான கள்ளவேலை கடினமாகும் என்றுதான் சொல்கிறோம். ஒப்பிடுவதற்குக் கட்டத் தெரிந்திருக்கவேண்டும்.

அந்தக் கதையில் எங்களை உறுத்துவது தொழில்நுட்பம் அல்ல. எக்ஸ்-இசெட்டைப் பல வருடமாகப் பார்த்துவந்தவர் லாஸ்ஸே கொலின் என்ற ஒரு ஆள். 2022இல், முன்புபோல ஈடுகொடுக்க முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவரே பகிரங்கமாக எழுதினார். அதே காலத்தில், யாரென்றே தெரியாத சில கணக்குகள் 'ஏன் இவ்வளவு மெதுவாக வேலை நடக்கிறது, வேறு ஆளிடம் கொடுக்கலாமே' என்று நெருக்கின. 2021இலிருந்து ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பிவந்த ஜியா டான் என்ற பெயர் மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளராகியது. பிறகு நடந்ததுதான் மேலே சொன்னது. இரண்டு வருடத்துக்கு மேலாகப் பொறுமையாக உதவிசெய்தவர் கள்ளன். உலகமெல்லாம் பாவிக்கும் ஒரு லைப்ரரிக்கு, நல்ல மனதோடு உதவிசெய்ய அந்தக் காலத்தில் வேறு ஒருவரும் போகவில்லை.

ஊர் வாசிகசாலையை நினைத்துப் பாருங்கள். திறப்புவிழாப் படம் எல்லாரிட்டயும் இருக்கும். பின்னேரம் பின்னேரம் திறப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவு திறந்தவரின் படம் ஒருத்தரிட்டயும் இராது.

எல்லாத் திட்டங்களும் இப்படி அநாதையாக இல்லை. ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டிலும் வேலைசெய்கிறவர்களில் பெரும்பகுதியினருக்கு ரெட் ஹற், சூசே, இன்ரெல், ஆம், அப்பிள், கூகுள் போன்ற கம்பனிகள் சம்பளம் கொடுக்கின்றன. தொண்டர்கள் இராத்திரி முழித்திருந்து எழுதுகிறார்கள் என்ற படம் அங்கே பெரிதும் பொருந்தாது. ஆனால் சம்பளம் கொடுப்பவருக்குத் தேவையானது முதலில் நடக்கும், அதில் ஆச்சரியமில்லை. மற்றவர்களுக்குத் தேவையானதை மற்றவர்கள்தான் போய்ச் செய்யவேண்டும். அதற்கு இடம் இருக்கிறது என்பதற்கு ஜிசிசியின் சொந்த வரலாறே சாட்சி. தொண்ணூறுகளில் அதன் வளர்ச்சி ஒரு சிறு வட்டத்துக்குள் முடங்கி, அனுப்பிய திருத்தங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. 1997இல் ஒரு குழு மூலநிரலை எடுத்துக்கொண்டு ஈஜிசிஎஸ் என்ற பெயரில் தனியே போனது, திறந்த முறையில் வேலைசெய்தது. 1999 ஏப்ரலில் அந்தக் கிளையையே அதிகாரபூர்வ ஜிசிசியாக ஏற்றுக்கொண்டார்கள். கோபம் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திராது. அவர்களுக்குக் கட்டவும், சோதிக்கவும், வெளியிடவும் தெரிந்திருந்தது.

இப்ப எங்கட விசயத்துக்கு வாறம். சி நிரலில் ஒரு மாறிக்குத் தமிழில் பெயர் வைக்க முடியுமா? ஜிசிசியில் நேரடியாக, சாதாரணமாகத் தட்டச்சுச் செய்து வைக்கக்கூடியதாக வந்தது 2020இல், அதன் பத்தாம் பதிப்பில். அதற்குமுன் எழுத்துக்குப் பதிலாக அதன் யூனிகோட் எண்ணை எழுதவேண்டியிருந்தது. "அம்மா" என்று எழுத ஐந்து எண்கள் வேண்டும், யார் எழுதுவார்? கிளாங் கொம்பைலரில் இந்த வசதி முன்பே இருந்தது. ஜிசிசியில் பல வருடமாகக் கேட்டுக் கேட்டுக் கிடந்ததை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடித்தார். அவர் தமிழர் இல்லை.

டிபகரிலும் உங்கள் கணினியின் மொழிச்சூழல் யுரிஎஃப்-8 ஆக அமையாவிட்டால், தமிழ்ச் சொல் ஒன்றை ஜிடிபியில் அச்சிடச் சொல்லிப் பாருங்கள். 'அ' என்ற ஒரு எழுத்து 340, 256, 205 என்று மூன்று எண்களாக வந்து நிற்கும். முதல்முறை பார்த்தபோது தரவு பழுதென்றே நினைத்தோம். எரர் செய்தியில் பிழையான இடத்தைக் காட்டுகிற அம்புக்குறி, கொம்புள்ள எழுத்துக்கும் புள்ளிவைத்த எழுத்துக்கும் கீழே சரியான இடத்தில் நிற்கிறதா? இதைப் பார்த்துச் சொல்ல ஒரு பெரிய அறிஞர் தேவையில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்து, கொம்பைலரைக் கட்டத் தெரிந்த ஒரு பிள்ளை போதும். அப்படிப் பார்த்துச் சொல்லுகிறவர்கள் இல்லாவிட்டால், பிழை இருந்தாலும் அது அங்கே பிழையாகப் பதிவாகாது.

மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கூகுளின் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்துக்குப் பல ஆண்டுகள் உலகிலேயே கூடுதலான மாணவர்களை அனுப்பியது. பெருமையான விசயம், அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. எங்களுடைய குறை வேறிடத்தில். கோடை முடிந்தபிறகு, சான்றிதழ் வந்தபிறகு, அந்த நிரலை யார் பார்க்கிறார்கள் என்று எங்கள் கூட்டங்களில் கேட்கிற வழக்கமே இல்லை. 2020 ஒக்ரோபரில் ரீசேட் ஒன்றுக்காக உலகெங்கும் ஆட்கள் ஒன்றுமில்லாத திருத்தங்களை அனுப்பிக் குவித்து, பராமரிப்பாளர்களின் நேரத்தைத் தின்றதும் நடந்தது. தனிவிபரக்கோவையில் ஒரு வரி சேர்ப்பதற்காகப் போகிற உதவி, வாங்குகிறவருக்குச் சிலவேளை உபத்திரவம்.

உண்மையில் உதவுகிற வேலைகள் வெளியே பார்க்க மிகச் சாதாரணமானவை. போன பதிப்பில் சரியாக ஓடின நிரல் இந்தப் பதிப்பில் ஓடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் ஆயிரம் மாற்றங்கள். நடுவிலுள்ள மாற்றத்தை எடுத்துக் கட்டிப் பார்க்கிறது, பிழை இருந்தால் முன்பாதி, இல்லாவிட்டால் பின்பாதி. இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் ஏறக்குறைய பத்துத் தடவை கட்டியதும், எந்த மாற்றத்தால் உடைந்தது என்று விரல்வைத்துச் சொல்லலாம். மூன்று கட்டமும் வேண்டாம், ஒருதரம் கட்டினால் போதும். லப்டொப்பை இராத்திரி ஓடவிட்டுப் படுக்கலாம். இன்னொன்று, கொம்பைலரை விழுத்துகிற இரண்டாயிரம் வரி நிரலை, அதே பிழை வருகிறமாதிரி இருபது வரியாகச் சுருக்கிக் கொடுப்பது. வழுவைத் திருத்துகிறவருக்கு அந்த இருபது வரி பெரிய உதவி. ஜிசிசிக்குத் திருத்தம் அனுப்ப முன்பெல்லாம் பதிப்புரிமையை எழுத்தில் ஒப்படைக்கவேண்டியிருந்தது. 2021இலிருந்து அது கட்டாயமில்லை, 'இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது' என்று பெயரோடு ஒரு வரி சேர்த்தால் போதும். வாசற்படி முன்பைவிடப் பதிவுதான்.

அந்தத் தம்பி இதுக்குப் பிறகும் ரெண்டு சந்திப்புக்கு வந்தவர். இரண்டாவதில் அவருடைய ஜிடிபியில் வெக்டர் ஒழுங்காக அச்சாகவில்லை. ஏன் என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. கொன்ஃபிகர் எழுதிவைத்த பதிவுக்கோப்பைத் திறந்து, பைதன் என்ற சொல்லைத் தேடி, அவரே கண்டுபிடித்துப் பிறகு எங்களுக்குக் காட்டினார்.

அடுத்த சந்திப்பில் ஜிசிசியின் சோதனைத் தொகுதியை முழுமையாக ஓட்டிப் பார்க்கப்போகிறோம். அதற்கு டெஜாகுனூ என்ற கருவியை முன்கூட்டியே நிறுவிக்கொண்டு வாருங்கள். வன்தட்டில் குறைந்தது இருபது கிகாபைற் இடம் விடுங்கோ. மூலநிரலை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வந்தால் நல்லது, எல்லாரும் ஒரே நேரத்தில இறக்கினா அந்த இடத்து இன்ரநெற் தாங்காது. சார்ஜரை மறந்திடாதேங்கோ.